சின்ன ரவைத் தோட்டா

அப்பா இறந்து இரண்டு வருடம் கழித்துத்தான் அவருடைய துப்பாக்கி உரிமம் என் பெயருக்கு வந்தது. பயிர்ப் பாதுகாப்புக்கான உரிமம். நான் ஒரே பிள்ளை. மொரப்பூருக்குப் பக்கத்தில், ரயில் பாதைக்கும் கரட்டுக்கும் நடுவில் இருக்கிற ஆறு ஏக்கரும் எனக்கே வந்தது. கணவருக்கு ஓசூரில் வேலை. சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை விடியலில் போய்விடுவார். காட்டைப் பார்த்துக்கொள்வது நான்தான். எங்கள் பக்கம் மானாவாரி நிலத்தைக் காடு என்றுதான் சொல்வோம்.

உரிமத்துக்காக விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் வாசலிலேயே நின்றுகொண்டு, "பொம்பளைங்க துப்பாக்கிய வச்சி என்னங்க பண்ணப் போறீங்க?" என்று கேட்டார். கல்லூரியில் மூன்று வருடம் என்.சி.சி.யில் ரைபிள் சுட்டதற்கான சான்றிதழைக் கொடுத்தேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு எதுவும் கேட்கவில்லை.

அப்பாவுடையது குழல் வழியாக மருந்தும் ரவையும் போட்டுக் கெட்டிக்கிற பழைய துப்பாக்கி. அவர் இறந்தபின் காவல் நிலையத்தில் ஒப்படைத்து வைத்திருந்த காலத்தில் உள்ளே துரு ஏறிவிட்டது. வேறு வாங்கிக்கொள்ள அனுமதி கிடைத்தது. சேலத்தில் இருக்கிற கடைக்குச் சித்தப்பா மகனையும் கூட்டிக்கொண்டு போனேன். என்னைவிட ஒன்பது வயது சின்னவன். சொந்தமாக ஒரு ஜேசிபி வைத்து ஓட்டுகிறான். கூடப் பிறந்தவன் இல்லை என்பதை நாங்கள் இருவருமே அடிக்கடி மறந்துவிடுவோம்.

கடைக்காரர் இரண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று பாயிண்ட் மூன்று ஒன்று ஐந்து ரைபிள். இன்னொன்று பன்னிரண்டு போர் ஒற்றைக்குழல். நடுவில் மடித்து, ஒரு தோட்டா போட்டு மூடுவது. தம்பியின் கை நேராக ரைபிளுக்குப் போயிற்று.

"இதாங்க்கா துப்பாக்கி. அது பட்டாசு."

"உங்க காட்டச் சுத்தி என்னங்க இருக்குது?" என்று கடைக்காரர் என்னைக் கேட்டார்.

அதற்கான பதில் என் கையில் இருந்தது. சேலம் போவதற்கு முந்தின வாரம் காட்டின் நான்கு மூலையையும் காலால் எட்டுப் போட்டு அளந்து, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் படம் வரைந்து வைத்திருந்தேன். தெற்கே பஞ்சாயத்து ரோடு, அதை ஒட்டி வீடுகள். கிழக்கே ரயில் பாதை. வடக்கே கரடு, வெறும் பாறை. மேற்கே மட்டும் ஏரிக்கரை, ஆள் உயரத்துக்கு மேல் மண். என்.சி.சி.யில் சுடும் இடத்தில் அட்டைக்குப் பின்னால் பெரிய மண்மேடு இருக்கும். குறி தவறிய குண்டெல்லாம் அதற்குள் போய்ப் புதையும். என் காட்டில் மேற்குப் பக்கம் தவிர வேறெங்கும் அப்படி ஒன்று இல்லை.

"இந்த ரைபிள் குண்டு எவ்வளவு தூரம் போகும்?"

"தடுக்க ஒண்ணும் இல்லீன்னா ரெண்டு கிலோமீட்டரும் தாண்டும்ங்க."

ஒற்றைக்குழலைக் காட்டினேன். தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். காட்டுப்பன்றியை நாங்கள் சுடக் கூடாது, அது வனத்துறையின் வேலை, எங்களுக்கு வேண்டியது சத்தம் மட்டும்தான் என்று சொன்னேன். அவன் சமாதானமாகவில்லை. அவனுக்காகத் தோட்டாவில் கொஞ்சம் இறங்கி வந்தேன். எஸ்.ஜி. ஒரு பெட்டி; பட்டாணி அளவு ரவை, விரல்விட்டு எண்ணிவிடலாம், தூரமாகப் போய் ஆழமாக இறங்கும். பி.பி. ஒரு பெட்டி, மிளகு அளவு ரவை, ஒரு சின்னக் கைப்பிடி இருக்கும், கிட்டத்தில்தான் வலு. அந்த வருடம் முழுக்க நான் ஏரிக்கரை மண்ணைப் பார்த்துச் சுட்டதெல்லாம் பி.பி.தான். எஸ்.ஜி. பெட்டி பீரோவில் பிரிக்காமலே கிடந்தது.

அது கடலைக்காய் பிடுங்குகிற நாள். காலை எட்டு மணி இருக்கும். எட்டுப் பெண்கள் வேலைக்கு வந்திருந்தார்கள். தம்பியும் உதவிக்கு வந்திருந்தான். நான் அவர்களுக்குக் காப்பி எடுத்துப்போக வீட்டுக்கு வந்திருந்தேன். தூக்குவாளியை மூடும்போது போன் அடித்தது. தம்பி.

"அக்கா, நரி! பக்கத்துக் காட்டு அக்காவக் கடிச்சிட்டுது. தாவாயில, கையில. ரத்தமா ஊத்துது."

"பகல்லயா?"

"பகல்லதான். ஓட மாட்டேங்குதுக்கா. தொரத்துனா திரும்பிப் பாஞ்சி வருது. மம்பட்டிக் கட்டையில ஒரு போடு போட்டேன், அப்பவும் போவல. பொம்பளைங்கள டிரெய்லர் மேல ஏத்தி வுட்டுட்டேன்."

தூக்குவாளியைக் கீழே வைத்தேன். எங்கள் பக்கம் நரியை நேரில் பார்ப்பதே அபூர்வம். மனிதரைக் கண்டால் பயிருக்குள் குனிந்து மறைந்துவிடும். மனிதர்மேல் பாய்கிற நரி என்றால் ஒன்றே ஒன்றுதான்: வெறி.

"கடிபட்ட எடத்துல சோப்புப் போட்டு மோட்டார் தண்ணியில கழுவச் சொல்லு. கால் மணி நேரம் வுடாம கழுவணும். மஞ்சளு, சுண்ணாம்பு ஒண்ணும் வெக்கக் கூடாது. கழுவுனதும் பைக்குல ஏத்தி தர்மபுரி பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பு."

வனத்துறைக்குப் போன் போட்டேன். எங்கள் பகுதி வனவர் எடுத்தார். பன்றித் தொல்லைக்காக அவரிடம் பலமுறை பேசியிருக்கிறேன்.

"வலையோட கெளம்பறோம் மேடம். ஒண்ணரை மணி நேரம் ஆவும். அதுவரைக்கும் யாரும் கிட்டப் போவாதீங்க."

"எட்டுப் பொம்பளைங்க டிரெய்லர் மேல நிக்கறாங்க சார். எறங்க முடியல."

அவர் நிதானமாகச் சொன்னார்: "நரியச் சுடறதுக்கு நான் சொல்ல முடியாது. ஆனா ஆளு மேல பாஞ்சா, உயிரக் காப்பாத்திக்கறது தப்பில்ல. அதுக்கு சட்டத்துலயே எடம் இருக்குது. நடந்தது நடந்தபடி எங்கிட்டச் சொல்லணும். அவ்வளவுதான்."

அடுத்து கால்நடை டாக்டர். வாயில் எச்சில் ஒழுகுகிறதா, நடை தள்ளாடுகிறதா என்று கேட்டார். பிறகு, "சுடற மாதிரி ஆனா தலையில சுட்டுறாதீங்க. மூளைய வெச்சித்தான் டெஸ்ட் பண்ணணும்" என்றார். குறி எங்கே வைக்க வேண்டும் என்பதும் முடிவாகிவிட்டது.

பீரோவைத் திறந்தேன். சாவி இரண்டு முறை துவாரத்தைத் தவறியது. காட்டு வேலைக்குப் போடுகிற சட்டையின் வலது பையில் பி.பி. மூன்று. இடது பையில், பெட்டியைக் கிழித்து, எஸ்.ஜி. இரண்டு. அப்படிப் பிரித்துப் போட்டேனே தவிர, எதைப் போடப் போகிறேன் என்று அந்த நிமிடம் எனக்கே தெரியாது.

தம்பி காட்டு முனையில் நின்றிருந்தான். பக்கத்துக் காட்டு அக்காவைக் கழுவிப் பைக்கில் அனுப்பியிருந்தான். வலது கையில் துண்டைச் சுற்றியிருந்தான். முகம் வெளுத்திருந்தது.

"எங்க?"

"டிரெய்லருக்கு அடியில."

கடலைச்செடி காயப்போடுகிற பாறைக்களத்தில்தான் டிரெய்லர் நின்றது. டிராக்டரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டதால் முன்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. மேலே எட்டுப் பேர், ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு. இரண்டு பேர் அலறிக்கொண்டிருந்தார்கள். கீழே நிழலில் முதலில் எனக்கு எதுவும் தெரியவில்லை. பிறகு டயர் ஓரம் ஏதோ அசைந்தது. நரி டயரைக் கடித்துக்கொண்டிருந்தது. கடித்து, விட்டு, மறுபடியும் கடித்தது. பல் ரப்பரில் உரசுகிற சத்தம் நாற்பது எட்டுத் தள்ளியும் கேட்டது.

"எஸ்.ஜி. போடுக்கா. இங்கருந்தே அடிச்சிரலாம். கிட்டப் போவ வேணாம்" என்றான் தம்பி.

அவன் சொன்னது எனக்கு இனித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. நாற்பது எட்டுத் தூரத்தில் நின்றுகொண்டு வேலையை முடித்துவிடலாம். இடது பைக்குள் கை போய்விட்டது. தோட்டாவை வெளியே எடுத்தும் விட்டேன். அப்போதுதான் டிரெய்லருக்கு அப்பால் பார்த்தேன். கரட்டுப் பாறை. டிரெய்லருக்கு அடியிலும் பாறை. பட்டாணி அளவு ஈயம் பாறையில் பட்டு எந்தப் பக்கம் எகிறும் என்று யாரால் சொல்ல முடியும்? மேலே பலகைத் தட்டு. அதன்மேல் எட்டு ஜோடிக் கால்கள்.

எஸ்.ஜி.யைத் திரும்பப் பைக்குள் போட்டேன்.

"சின்ன ரவைதான். கல்லுல பட்டாலும் வேகம் சீக்கிரம் செத்துரும்."

"அது இவ்வளவு தூரம் எட்டாதேக்கா!"

"எட்டாது. நான் கிட்டப் போவணும்."

அவன் என் தோளைப் பிடித்தான். "பைத்தியமா உனக்கு? எங்கிட்டக் குடு, நான் போறேன்."

உரிமம் என் பெயரில். அவன் வாழ்நாளில் ஒரு தோட்டாகூடச் சுட்டவன் இல்லை. அதையெல்லாம் சொல்ல நேரம் இல்லை. "நீ ரோட்டுப் பக்கம் போயி ஒருத்தரும் உள்ள வராம பாத்துக்கோ" என்று மட்டும் சொன்னேன். நின்று பார்த்தான். போனான்.

இருபது எட்டுக்குள் போக வேண்டும். அதோடு, ஏரிக்கரை என் எதிரில் இருக்கிற மாதிரி நிற்க வேண்டும். அப்படியென்றால் டிரெய்லரைச் சுற்றிக்கொண்டு கிழக்குப் பக்கம் போயாக வேண்டும். அங்கே கடலைச்செடி ஏற்கெனவே பிடுங்கியாகிவிட்டது. மறைய ஒரு மரம் இல்லை, ஏறிக்கொள்ள ஒரு கல் இல்லை. பி.பி. ஒன்றைப் போட்டுத் துப்பாக்கியை மூடினேன். குழலைத் தரையைப் பார்த்துப் பிடித்துக்கொண்டு, பெரிய வட்டமாக நடந்தேன். புரட்டிய மண்ணில் செருப்பு புதைந்தது. கழற்றிவிட்டு வெறுங்காலோடு போனேன்.

டிரெய்லர் மேல் இருந்தவர்கள் என்னைப் பார்த்ததும் எல்லாருமாகக் கத்த ஆரம்பித்தார்கள். சத்தம் கேட்கக் கேட்க, கீழே நரி சுழன்று சுழன்று தட்டைப் பார்த்து எம்பியது.

"கத்தாதீங்க! ஒரு சத்தம் வரக் கூடாது! உக்காருங்க எல்லாரும்!"

அவர்களில் மூத்தவர் முதலில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவளின் வாயைத் தன் முந்தானையால் பொத்தினார். ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். யாரோ விக்கி விக்கி அழுவது மட்டும் கேட்டது.

இருபது எட்டில் நின்றேன். ஏரிக்கரை நேராக எதிரில். இப்போது அதை நன்றாகப் பார்க்க முடிந்தது. சின்ன உடம்பு. நாட்டு நாயைவிடச் சின்னது. எச்சில் நூலாகத் தொங்கியது. அதில் ரத்தமும் இருந்தது. பின்னங்கால் ஒன்று இழுத்துக்கொண்டது. கண் என்னைப் பார்த்தது போலவும் இருந்தது, எதையும் பார்க்காதது போலவும் இருந்தது. எனக்கு அதன்மேல் கோபமே வரவில்லை. பயம் மட்டும்தான் இருந்தது.

டிரெய்லருக்கு அடியில் இருக்கும்வரை சுட முடியாது. காத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வியர்வை கண்ணில் இறங்கியது. துடைத்துக்கொள்ளக் கையை எடுக்கப் பயந்தேன். வெளியே வராமல் அப்படியே படுத்துவிட்டால் வனத்துறை வரும்வரை நிற்கலாம், நான் சுட வேண்டியதே இருக்காது என்று ஒரு ஆசை வந்தது. அந்த ஆசையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

டிரெய்லர் மேல் யாருடைய போனோ அடித்தது. சினிமாப் பாட்டு, முழுச் சத்தத்தில். நரி சிலிர்த்து வெளியே வந்தது. தட்டை நோக்கி ஒரு முறை எம்பியது. முன்னங்கால் பலகை விளிம்பில் பட்டு வழுக்கியது. மேலே இருந்தவர்கள் வீறிட்டார்கள். அவர்களுக்கு நேர் கீழே நின்றது. சுட முடியவில்லை.

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. ரோடு வரைக்கும் கேட்டது என்பான் தம்பி.

நரி திரும்பியது. என்னைப் பார்த்து வந்தது. ஓட்டம் இல்லை. பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகிற ஒரு கோணல் நடை, ஆனால் வேகமாக. நேராக வந்தால் தலைதான் முன்னால் இருக்கும். டாக்டர் சொன்னது அந்த நேரத்தில் நினைவுக்கு வந்தது. டிரெய்லரும் குறியிலிருந்து விலகும்படி நாலைந்து எட்டு வலப்பக்கம் நகர்ந்தேன். அதுவும் என்னோடு திரும்ப முயன்று, இழுத்த கால் மடங்கி, ஒரு கணம் முழு விலாவையும் காட்டியது. முன்னங்காலுக்குப் பின்னால் குறி வைத்து விசையை அழுத்தினேன்.

தோளில் இடித்தது. புகை. நரி இருந்த இடத்திலேயே சரிந்தது. துப்பாக்கியை மடித்தேன், வெற்றுத் தோட்டா கால்மேல் விழுந்தது. அடுத்ததைப் போட்டு மூடினேன். அதன் கால் இரண்டு முறை மண்ணைச் சுரண்டிவிட்டு அடங்கியது. இரண்டாவது தோட்டா தேவைப்படவில்லை. ஆனாலும் வெகுநேரம் குழலை அதன்மேல் வைத்தபடியே நின்றேன். யாராவது வந்து பேசினால் அழுதுவிடுவேன் என்று தோன்றியது.

டிரெய்லரிலிருந்து இறங்கிய மூத்தவர் என்னிடம் வந்து, "கண்ணு, உக்காரு. முடிஞ்சி போச்சி" என்றார். துப்பாக்கியை மடித்து, சுடாத தோட்டாவை எடுத்துப் பைக்குள் போட்டேன்.

தம்பி ஓடி வந்தான். குனிந்து நரியின் வாலைப் பிடிக்கப் போனான்.

"தொடாத!"

கையை இழுத்துக்கொண்டான். இழுத்த வேகத்தில் துண்டு நழுவியது. சுண்டுவிரலுக்குக் கீழே இரண்டு கோடு, நகத்தால் கீறியது போல. ரத்தம் உறைந்திருந்தது.

"என்னது அது?"

"கருவேல முள்ளுக்கா."

"உண்மையச் சொல்லு."

"முள்ளுதான்ங்கறேன்!"

அவன் என்னிடம் குரல் உயர்த்துகிறவன் இல்லை. மம்பட்டிக் கட்டையால் அடித்தேன் என்று போனில் சொன்னது நினைவுக்கு வந்தது. நரியை எதிர்கொண்டபோது இருந்ததைவிட அதிகப் பயம் இப்போதுதான் வந்தது. அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு மோட்டார் ரூமுக்குப் போனேன். அவன் திமிறினான். எட்டுப் பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழாயைத் திறந்து, துணி சோப்பை அழுத்தித் தேய்த்தேன். அழுக்கெல்லாம் போனபின் தெரிந்தது, முள் கிழித்தது அப்படி ஜோடியாக இருக்காது.

"கட்டையக் கடிக்க வந்திச்சி. கை வழுக்கிட்டுது. பல்லு லேசாப் பட்டுது, அவ்வளவுதான்" என்றான், தண்ணீரைப் பார்த்துக்கொண்டு.

"ஏன்டா சொல்லல?"

சோப்பை என் கையிலிருந்து வாங்கி அவனே தேய்த்தான். "அவளுக்கு இந்த வாரம் தேதி குடுத்துருக்காங்க. நரிக்கடின்னு தெரிஞ்சா ஆஸ்பத்திரியில என்னக் கொழந்த கிட்டயே வுட மாட்டாங்கன்னு நெனச்சேன்."

அவன் மனைவிக்கு அது தலைப்பிரசவம். நான் அவனை அடித்தேன். முதுகில், ஈரக் கையால், இரண்டு அடி. அவன் தடுக்கவில்லை.

வனவர் வந்தபோது தம்பி தர்மபுரிக்குப் போய்விட்டிருந்தான். நடந்ததை நடந்தபடி சொன்னேன். கூட வந்தவர் டேப் பிடித்து அளந்தார். நான் நின்ற இடத்துக்கும் நரி விழுந்த இடத்துக்கும் நடுவில், என் எட்டுக் கணக்கில் பதினொன்றுதான் இருந்தது. "ஏங்க இவ்வளவு கிட்டப் போனீங்க?" என்று கேட்டார் அவர். வலது பையில் மிச்சமிருந்த பி.பி.யையும் இடது பையில் இருந்த எஸ்.ஜி.யையும் எடுத்து அவரிடம் காட்டினேன். பாறையைக் காட்டினேன். வனவர் தலையாட்டிவிட்டு அவரை எழுதிக்கொள்ளச் சொன்னார். வெற்றுத் தோட்டாவைக் காகிதத்தில் மடித்துக்கொண்டார்கள். விசாரணை முடியும்வரை துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். சாயங்காலமே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நரிக்கு வெறி என்பது பரிசோதனையில் உறுதியானது. டாக்டர் போனில் சொன்னபோது நான் கடலைக்காய் மூட்டை தைத்துக்கொண்டிருந்தேன். கோணி ஊசியைக் கீழே வைத்துவிட்டு, எந்த வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்துக் காட்டு அக்காவுக்குத் தாவாயில் காயத்தைச் சுற்றியே ஊசி போட்டார்கள். வலி தாங்காமல் செவிலியின் கையை நசுக்கிவிட்டதாகப் பின்னால் சிரித்துக்கொண்டே சொன்னாள். தழும்பு இருக்கிறது. பேசும்போது உதடு ஒரு பக்கம் இழுக்கும். ஆள் நன்றாக இருக்கிறாள். டிரெய்லர் மேல் நின்ற எட்டுப் பேரும் அடுத்த வாரமே மிச்சக் காட்டைப் பிடுங்க வந்தார்கள். போனை மட்டும் யாரும் கொண்டுவரவில்லை.

தம்பிக்கு இரண்டாவது ஊசி போட வேண்டிய நாளில் நான் அவனோடு போனேன். வரிசையில் நின்றிருந்தபோது, அதே ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டிலிருந்து சித்தி போன் செய்தார். பெண் குழந்தை. அவன் வரிசையை விட்டு ஓடப் பார்த்தான். ஊசி போட்டுக்கொண்டு போ என்று பிடித்து நிறுத்தினேன்.

ஊசி போட்ட டாக்டரிடம், "கொழந்தையத் தூக்கலாங்களா?" என்று கேட்டான். தாராளமாகத் தூக்கலாம் என்றார். மாடிக்குப் போகிற வழியில் இன்னொரு டாக்டரை நிறுத்திக் கேட்டான். வார்டு வாசலில் செவிலியிடமும் கேட்டான். மூன்று பேரும் ஒரே பதிலைச் சொன்ன பிறகும் குழந்தையை வாங்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

சித்தி பார்த்தார். "அட, புடிடா" என்று அவன் கைகளைப் பிரித்து அதில் குழந்தையை வைத்தார்.